தபால்காரனின் இடத்தில் நின்றவன்

போன வருடம் மாசி மாதம், காலபோக அறுவடை முடிந்த கையோடு நடந்தது இது. இடம், கிளிநொச்சியில் முரசுமோட்டைப் பக்கம், வாய்க்கால் கரையோடு இருக்கிற எங்கள் கழகத்தின் கூடைப்பந்துத் திடல். திடல் என்று பெருமைக்குச் சொல்கிறேன். ஒரு சீமெந்துத் தளம், இரண்டு இரும்புத் தூண், இரண்டு வளையம், அவ்வளவுதான். அறுவடை நாட்களில் அந்தத் தளத்தில் ஊர் நெல் காயும். நெல் கிடக்கும் மட்டும் பந்து உள்ளே வராது. யாரும் எழுதி வைக்காத சட்டம் அது. கடைசி மூட்டை கட்டி ஏற்றிய பிறகு விளையாடுகிறவர்களே விளக்குமாறு எடுத்துப் பதரைக் கூட்டுவார்கள். அன்றையிலிருந்து எங்களுக்குப் போட்டிக் காலம்.

நான் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். கல்யாண வீடு, கோயில் திருவிழா, செத்த வீடு, எல்லாவற்றுக்கும் என் பெட்டிதான் போகும். பள்ளிக்கூடம் எனக்கு யுத்தகால இடப்பெயர்வோடு நின்றுவிட்டது. மிச்சத் தமிழை மைக்கில்தான் படித்தேன். கூடைப்பந்துப் போட்டி என்றால் சும்மாவே கட்டிக்கொடுப்பேன். ஒரே ஒரு நிபந்தனை, மைக்கை வேறு யாரும் தொடக்கூடாது.

எங்கள் ரீமில், அதாவது கழக அணியில், ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேருக்கும் பட்டம் வைத்தது நான்தான். உயரமானவன் கொக்கு. வளையத்துக்குக் கீழே அசையாமல் நின்று, ஊர்ச்சனத்தை அள்ளி ஏற்றுகிற அந்தக்காலத் தட்டிவான் பஸ் மாதிரிப் பந்தையெல்லாம் அள்ளுகிறவன் தட்டிவான். எதிரியின் கையிலிருந்து பந்தைக் கொத்திக்கொண்டு ஓடுகிறவன் மீன்கொத்தி. அணித்தலைவன் வாத்தி. ஒன்பதாம் நம்பர்க்காரன் தபால்காரன். அவன் பாஸ் கொடுத்தால் விலாசம் தப்பாது. முகத்தை ஒரு பக்கம் திருப்பி, பந்தை மறுபக்கம் அனுப்புவான். "தபால் புறப்பட்டு விட்டது" என்று நான் மைக்கில் சொல்லி முடிப்பதற்குள் கொக்கு அதை வளையத்துக்குள் போட்டிருப்பான். வவுனியாவிலிருந்து வந்த ரீம்களைக்கூட அடித்து அனுப்பியிருக்கிறோம். பின்னேரம் நாலு மணியானால் வாய்க்கால் கட்டு முழுக்கச் சைக்கிள்தான்.

நாடு நொடிந்து பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்துக்குப் பிறகு ஒவ்வொருவராகப் போகத் தொடங்கினார்கள். முதலில் கொக்கு கனடாவுக்கு. பிறகு தட்டிவான் கட்டாருக்கு. மீன்கொத்தி ருமேனியாவில் ஏதோ தொழிற்சாலைக்கு. வாத்தி கல்யாணம் முடித்து லண்டனுக்கு. கடைசியாகத் தபால்காரன் பிரான்ஸுக்கு. அவன் போகிற அன்று வானுக்குள் ஏறியவன் திரும்ப இறங்கி வந்து, தன்னுடைய ஒன்பதாம் நம்பர்ச் சட்டையை என் கையில் தந்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு நாங்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள். பக்கத்து ஊர்க்காரர்கள், "உங்கட ரீம் இப்ப கட்டுநாயக்கா எயாப்போட்டிலயாம் பிராக்டிஸ்" என்று நக்கலடித்தார்கள். திடலுக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிற அக்கா பெரிய கேத்தலை உள்ளே வைத்துவிட்டுச் சின்னதை எடுத்தார். "அஞ்சு பேரும் போகேக்க எங்கட பின்னேரத்தையும் பெட்டிக்குள்ள வைச்சுக்கொண்டு போட்டாங்கள்" என்றார். எத்தனையோ பேரின் பேச்சை நான் மனதில் சேர்த்து வைத்திருக்கிறேன். அதில் இது முன்வரிசை. முல்லைத்தீவிலிருந்து மோட்டார்சைக்கிளில் மீன் கொண்டுவருகிற முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், எங்கள் ரீமுக்காகவே வியாபாரத்தை வேளைக்கு முடிக்கிறவர். அவர் மட்டும், வயல்காரன் பேசுகிற மாதிரி, "இந்தப் போகம் சரிவரேல்ல. வாற போகம் பாப்பம்" என்று எங்களுக்கு ஆறுதல் சொல்லுவார். சொல்லிவிட்டுத் தானே பெருமூச்சு விடுவார்.

புது ரீம் ஒன்று சேர்த்தார்கள். எல்லோரும் பதினெட்டு, பத்தொன்பது வயது. என்னிடமிருந்த ஒன்பதாம் நம்பர்ச் சட்டையையும் வாங்கிக்கொண்டு போனார்கள். நான் அவர்களுடைய முகத்தையே சரியாகப் பார்க்கவில்லை. என் கண் தேடியது வேறு ஆட்களை.

அந்தத் தேடலுக்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். போட்டி நாளில் வட்ஸ்அப் வீடியோ அழைப்பில் ஐந்து பேரையும் ஒன்றாக எடுத்து, போனை வேப்பமரத்தில் திடலைப் பார்க்கக் கட்டிவிட்டோம். கனடாவில் கொக்கு விடியமுன் எழும்பிப் போர்வைக்குள் இருந்து பார்த்தான். தபால்காரன் உணவகக் குசினியில், கோப்பை கழுவுகிற இடத்தில் போனைச் சாத்தி வைத்திருந்தான். ஒரு நாள் அவன் சொன்னான், "அண்ணை, நீங்கள் மைக்கில என்ர பட்டத்தைச் சொன்னா, நான் அங்கதான் நிக்கிறன் போல கிடக்கு." அதற்குப் பிறகு நான் விடுவேனா? போட்டி முழுக்க அவர்களுக்காகவே பேசினேன்.

மாசியில் நடந்த அந்தப் போட்டிக்கு நான் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் வந்து ஒலிபெருக்கிக்கு நேரே கீழே உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும். மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தகப்பன் காலத்தில் வந்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குடியேறிய குடும்பம். மிளகாய்த் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர். வழியில் கண்டிருக்கிறேன், பேசியதில்லை. "அக்கா, பெட்டிக்குக் கீழ இருக்காதேங்கோ, காது அடைச்சுப்போகும்" என்றேன். "இல்லண்ணே, எனக்கு இங்கதான் வசதி" என்று சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சம்மணம் கட்டினார். அதற்கு மேல் நான் கவனிக்கவில்லை.

போட்டி தொடங்கியது. நான் மரத்தில் கட்டிய போனைப் பார்த்தபடி பேசினேன். கொக்கு நின்றிருந்தால் இந்தப் பந்து உள்ளே. தட்டிவான் இல்லாத வெறுமை தெரிகிறது பாருங்கள். மீன்கொத்தியே, உன்னை இந்தத் திடல் தேடுகிறது. இப்படியே போனது. புது ஒன்பதாம் நம்பர் நன்றாகத்தான் விளையாடினான். ஆனால் அந்தச் சட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மற்றவன்தான் தெரிந்தான். அதனால், "தபால்காரனின் இடத்தில் நிற்கிற தம்பி பந்தை எடுக்கிறார்", "தபால்காரனின் இடத்தில் நிற்கிற தம்பி மூன்று புள்ளி போட்டிருக்கிறார்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போனுக்குள் கை தட்டினார்கள். சனமும் திடலை விட்டுவிட்டுப் போனைச் சுற்றி நின்றது. "டேய் மெலிஞ்சு போனாயடா", "சாப்பிட்டியோ" என்று சுகம் விசாரித்தது. இருபத்துமூன்று புள்ளியால் தோற்றோம். தோற்றதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பழைய ரீமோடு இருந்த மாதிரி ஒரு திருப்தி.

சனம் கலைந்துவிட்டது. பொழுதுபடமுன் ஒரு செத்த வீட்டுக்குப் பெட்டி போக வேண்டியிருந்ததால் அவசரமாக வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்த அக்கா எழும்பி, தரையைக் காலால் தடவித் தடவி என்னிடம் வந்தார். அப்போதுதான் கண்ணைக் கவனித்தேன். இரண்டு கண்ணிலும் பால் படர்ந்த மாதிரி இருந்தது.

"அண்ணே, எம் மகன கடைசி வரைக்கும் எறக்கவே இல்லையாண்ணே?"

எந்த மகன் என்று கேட்டேன். பெயரைச் சொன்னார். எனக்கு அந்தப் பெயர் பிடிபடவில்லை. ரீம் கொடுத்த பெயர்ப் பட்டியலைத் தேடினேன். என் தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே கிடந்தது. போட்டி முழுக்க அதைத் திருப்பிப் பார்க்கவில்லை நான். கோப்பை வைத்த ஈர வட்டத்துக்குள் அந்தப் பெயர் இருந்தது. நேரே, ஒன்பது.

"அக்கா, முழு நேரமும் விளையாடினவர். தபால்காரன்ர இடத்தில நிக்கிற தம்பி எண்டு நான் சொன்னது உங்கட மகனைத்தான்" என்றேன்.

அவர் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார்.

"அப்ப மொதல்ல தூரத்துல இருந்து மூணு புள்ளி போட்டது?"

"அது அவர்தான் அக்கா."

"ரெண்டு பேத்துக்கு நடுவுல புகுந்து போனாருன்னு சொன்னீங்களே?"

"அதுவும் அவர்தான்."

"கீழ விழுந்து எந்திரிச்சு திரும்ப ஓடுனது?"

"ஓம் அக்கா."

அத்தனையும் நான் சொன்னவை. எனக்கே மறந்துபோனவற்றையும் அவர் ஒன்றும் விடாமல் வைத்திருந்தார். தூரத்தில் ஆள் அசைவது புகைமாதிரித்தான் அவருக்குத் தெரியும். பந்து தெரியவே தெரியாது. அவர் பார்க்க வரவில்லை, கேட்க வந்திருந்தார். தோட்டத்தில் கையால் தடவி மிளகாய் ஆயும்போது, காற்று எங்கள் பக்கமிருந்து அடித்தால் என் குரல் அங்கே போகுமாம். கொக்கு, தட்டிவான், தபால்காரன் எல்லோரும் அவருக்கு அத்துப்படி. மகன் ரீமில் சேர்ந்ததும், இனி அவனுக்கும் மைக்கில் ஒரு பெயர் வரும் என்று அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"எறக்கல போலன்னு நெனச்சுட்டேன். வீட்டுக்கு வந்தான்னா என்னன்னு சொல்லித் தேத்துறதுன்னே யோசிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேண்ணே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்போதே மைக்கைப் போட்டு அந்தப் பெயரைப் பத்துத் தரம் சொல்லவேண்டும் போலிருந்தது. பெட்டி லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏறிவிட்டது. திடலில் கேட்க ஆளும் இல்லை. ஒரு தாய், தன் பிள்ளை நன்றாக விளையாடியதை ஒன்றரை மணித்தியாலம் கேட்டுக்கொண்டே, அது தன் பிள்ளையில்லை என்று இருந்திருக்கிறார். கண்ணுக்கு எட்டாததை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை என்னுடையது. நான்தான் அதைத் தப்பான விலாசத்துக்குக் கொடுத்துவிட்டேன். போனவனைத் தேடித் தேடி, நிற்கிறவனை இல்லாமல் ஆக்கிவிட்டேன்.

அன்றிரவு தபால்காரனுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். இனிமேல் உங்களுடைய பட்டங்களைச் சொல்லமாட்டேன் என்றும், ஏன் என்றும் சொன்னேன். சொல்லும்போது அவனிடமிருந்து எதையோ பறிப்பது போலத்தான் இருந்தது. அந்தக் குசினியில் அவனுக்கு இருந்த ஒரே திடல் என் குரல்தானே. மூன்றாம் நாள் பதில் வந்தது. பின்னால் தண்ணீர் ஓடுகிற சத்தம்.

"சரி அண்ணை. அந்தத் தம்பிக்கு என்ர பட்டத்தை மட்டும் குடுத்துடாதேங்கோ. அவனுக்கு அவன்ர பேர் இருக்கட்டும். நான் சும்மா பாக்கிறன்."

அடுத்த போட்டி இரண்டு கிழமை கழித்து. மிளகாய் ஆய்கிற நெருக்கடியில் அந்த அக்காவால் வர முடியவில்லை. நான் இரண்டு ஒலிபெருக்கியில் ஒன்றைக் கழற்றி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பார்க்கத் திருப்பிக் கட்டினேன். பட்டியலை முதல்நாளே பாடமாக்கியிருந்தேன். ஒன்பதாம் நம்பர் பந்தைத் தொட்டதும் முழுப்பெயரை, ஊரையும் சேர்த்து, நீட்டிச் சொன்னேன். அவன் திடுக்கிட்டு ஒலிபெருக்கியைத் திரும்பிப் பார்த்தான். பார்த்த நேரத்தில் எதிரி பந்தைப் பறித்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டான். "பேரைச் சொல்லியே ரெண்டு புள்ளி குடுத்த அறிவிப்பாளன் நீர்தான்" என்று நானா தலையில் கைவைத்தார். தேத்தண்ணிக் கடை அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அன்றும் தோற்றோம், பதினொரு புள்ளியால். மரத்தில் கட்டிய போனில் ஐந்து முகமும் திடலையே பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போதும் நாங்கள் வெல்வதை விடத் தோற்பதுதான் கூட. கேத்தலும் இன்னும் சின்னதுதான். தபால்காரன் நிற்கிற இடது மூலையிலிருந்து ஒரு பந்து கிளம்பினால், "தபால்" என்று என் நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது. ஒவ்வொரு தரமும் அதை விழுங்குகிறேன். அந்த ஐந்து பேரும் ஒரு பின்னேரமாவது ஒன்றாக வந்து இந்தத் தளத்தைக் கூட்டமாட்டார்களா என்று, நெல் அள்ளி முடிகிற ஒவ்வொரு முறையும் பாதையைப் பார்க்கிறேன். பார்ப்பதை நிறுத்தவும் மாட்டேன். ஆனாலும் மைக்கைக் கையில் எடுத்ததும், வாய்க்காலுக்கு அப்பால் மிளகாய்ச் செடிகளுக்குள் வேலையை ஒரு கணம் நிறுத்திக் காது கொடுக்கிற ஒருவர் ஞாபகத்துக்கு வருகிறார். பட்டியலில் முதல் பெயரிலிருந்து தொடங்குகிறேன்.