பதினொரு டிகிரி

அவள் எழுதிய கம்ப்யூட்டர் நிரலை முதன்முதலில் படித்த அன்று எனக்கு மதியச் சோறு இறங்கவில்லை. மோசமாக இருந்திருந்தால் இரண்டு வாய் கூடவே சாப்பிட்டிருப்பேன். நன்றாக இருந்தது.

பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஏலக்காய் உலர்த்தும் இயந்திரங்கள் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு ஒன்பது வருட சர்வீஸ். எலப்புள்ளியிலிருந்து ஸ்கூட்டரில் போய்வருகிற தூரம்தான். அறையில் எவ்வளவு சூடு இருக்கிறது, அடுப்பை எப்போது பற்றவைப்பது, காற்றாடி எவ்வளவு நேரம் சுற்றுவது என்று இயந்திரத்துக்குச் சொல்லும் மென்பொருள் என் பொறுப்பு. நிரல் எழுதப் புத்தகங்கள் சொல்லித்தரும் டிசைன் பேட்டர்ன்கள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். சிங்கிள்டன், ஃபேக்டரி, அப்சர்வர் என்று, கல்யாணத்துக்குப் போகிறவள் இருக்கிற நகையையெல்லாம் மாட்டிக்கொள்வதுபோல, கிளாஸ் என்கிற ஒரே நிரல்துண்டில் எல்லாவற்றையும் மாட்டி வைத்திருந்தேன். தனக்கு வேண்டிய தெர்மாமீட்டரையும் கடிகாரத்தையும் என் கிளாஸ் தானே உள்ளுக்குள் உருவாக்கிக்கொள்ளும். அதில் எனக்கு ஒரே பெருமை. ஒரு வரி மாற்றினாலும் சரிபார்க்க நிஜ இயந்திரத்தை ஓட்டி ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை, அவள் வேலைக்கு வந்து சேரும்வரை.

இடுக்கி மலையில், சாந்தன்பாறைப் பக்கத்து ஏலக்காய் எஸ்டேட்டில் வளர்ந்தவள். அம்மாவுக்கு அங்கே காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை. என்னைவிட எட்டு வயது இளையவள், வாய்க்கு வாய் அக்கா என்பாள். அவள் எழுதும் கிளாஸ் எதையும் தானாக உருவாக்கிக்கொள்ளாது. தெர்மாமீட்டரையும் கடிகாரத்தையும் நாம்தான் வெளியிலிருந்து கொடுக்கவேண்டும். நிஜத்தைக் கொடுத்தால் நிஜமாக ஓடும். பொய்த் தெர்மாமீட்டரைக் கொடுத்து ஐம்பது என்று சொல்லவைத்தால் ஐம்பது என்றே நம்பும். பொய்க் கடிகாரத்தைத் தள்ளிவிட்டால் இருபது மணிநேர உலர்ப்பு கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். நான் ஒரு நாள் காத்திருந்து பார்ப்பதை அவள் டீ ஆறுவதற்குள் நாற்பது தடவை பார்த்துவிடுவாள். இத்தனைக்கும் ஒரு பேட்டர்னின் பெயரைக்கூட அவள் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. வேறு நல்ல வார்த்தை போட்டு மழுப்ப விரும்பவில்லை.

அந்த வருடம் புதிய இயந்திரம் சாந்தன்பாறைக்குப் போவதாக இருந்தது. அது ஒழுங்காக ஓடினால் புது டீம் ஒன்று அமையும், அதற்குத் தலைமை எங்கள் இருவரில் ஒருத்தி என்று மேலாளர் சொல்லியிருந்தார். ஒன்பது வருடமாக நான் காத்திருந்த நாற்காலி. அந்த நேரம் பார்த்து அவள், மேலாளரிடம் கேட்டுக்கொண்டு, என் கிளாஸைத் திறந்தாள். தெர்மாமீட்டரை வெளியே எடுத்துவைத்து, சரிபார்க்க நாற்பத்திரண்டு டெஸ்ட் எழுதினாள். நாற்பத்தொன்று தேறிப் பச்சை காட்டின, ஒன்று மட்டும் சிவப்பு. ‘குளிர்ந்த காலை’ என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள். பொய்த் தெர்மாமீட்டர் பதினொன்று என்று சொல்ல, என் நிரல் அடுப்பைப் பற்றவைக்க மறுத்தது. பதினைந்துக்குக் கீழே போனால் தெர்மாமீட்டர் வயர் அறுந்துவிட்டது என்று அர்த்தம் என நான்தான் எழுதியிருந்தேன்.

“ஏனம்மிணி, பதினொரு டிகிரி எந்த ஊர்ல வருது? நாங்கெல்லாம் மார்கழிலயே பேனப் போட்டுட்டுத்தான் தூங்கறோம்,” என்றேன்.

“எங்கூர்ல வரும்க்கா. டிசம்பர்ல விடியக்காலைல தண்ணியில கைய வைக்க முடியாது.”

பார்க்கிறேன் என்றேன். அவள் சாப்பிடப் போனதும் அந்த டெஸ்ட்டின் தலையில் ‘ஸ்கிப்’ என்று ஒரு சொல்லைப் போட்டேன். இதை ஓட்டவேண்டாம் என்று பொருள். திரை முழுக்கப் பச்சை. அடியில் யாரும் கவனிக்காத ஒரு மஞ்சள் புள்ளி. பதினைந்தை ஐந்தாக்கினால் போதும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அப்படி மாற்றினால் என் தப்பை அவள் கண்டுபிடித்தாள் என்று ஆகிவிடும்.

டிசம்பரில் மேலாளரோடு நாங்கள் இருவரும் சாந்தன்பாறை போனோம். அவள் அம்மா வேலைபார்க்கும் ஸ்டோரில் புது இயந்திரத்தை ஜெபம் பண்ணித்தான் தொடங்குவார்களாம், அதுவும் காலை ஆறு மணிக்கு. முந்தின நாள் பறித்த காய் தட்டுத் தட்டாக உள்ளே பரப்பியிருந்தது. “ஸ்தோத்திரம், வாங்கம்மா,” என்று அவள் அம்மா என் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். சபை உபதேசியார் ஜெபித்து முடித்து ஆமென் சொன்னதும் ஸ்விட்சைப் போட்டார்கள். ‘வயர் அறுந்துள்ளது’ என்றது திரை. அணைத்துப் போட்டாலும் அதையே சொன்னது. சுவரில் மாட்டியிருந்த பழைய தெர்மாமீட்டரைப் பார்த்தேன். பதினொன்று.

“நேத்துப் பறிச்ச காயி. இன்னும் போட்டு வச்சா பச்ச போயிரும்,” என்றார் அவள் அம்மா. பச்சை போன ஏலக்காயை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

அவள் ஒரு சாக்குமேல் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். ஸ்கிப்பை எடுத்தாள். சிவப்பு வந்தது. என் பக்கம் திரும்பி, “அக்கா, அஞ்சுன்னு வச்சிரட்டுமா?” என்று கேட்டாள். என் நிரலாம், அதனால் என் அனுமதியாம். தலையாட்டினேன். எல்லாம் பச்சையானது. கொஞ்ச நேரத்தில் அடுப்பு எரிந்தது.

என்ன ஆயிற்று என்று மேலாளர் கேட்டார். “எங்க டெஸ்ட்ல ஒண்ணு ஓடாம விட்டுப்போச்சு சார்,” என்றாள். ‘எங்க’ டெஸ்ட்டாம்! என் பெயரை அவள் சொல்லவில்லை.

அவள் என்னைவிட நன்றாக எழுதுவதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துவிடுவேன். பெருந்தன்மையிலும் அவளே முந்திக்கொள்வதை என்னால் தாங்கமுடியவில்லை. ஜீப் பூப்பாறை இறக்கத்தில் திரும்பியபோது, முன்சீட்டில் இருந்த மேலாளரிடம், “அத ஓடாம நிறுத்துனது நாந்தானுங்க சார். டீம அவளுக்கே குடுங்க,” என்று சொல்லிவிட்டேன். நல்ல மனசால் சொன்னதல்ல. இந்த ஒன்றிலாவது அவளை ஜெயிக்கவேண்டும் என்றுதான் சொன்னேன்.

பின்சீட்டில் என் பக்கத்தில் இருந்த அவள் மெதுவாகச் சொன்னாள்: “தெரியும்க்கா. மாத்துனவங்க பேரு அதுலயே இருக்குமே, அன்னைக்கே பாத்துட்டேன். நீங்க நிறுத்துனா ஏதாச்சும் காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்.”

டீம் அவளுக்குத்தான் போனது. இப்போதும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். என்ன காரணம் என்று இன்றுவரை அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.