சாவி என்னிடம் இருந்தது

2021 மே 27, வியாழக்கிழமை, காலை பத்து நாற்பது. கத்திரி வெயில் இன்னும் முடியவில்லை. கொள்ளிடம் பக்கமிருந்து துளிக் காற்றில்லை. முழு ஊரடங்கின் நான்காம் நாள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் அபார்ட்மெண்டில் எட்டு வீடுகள். வெளியாள் யாரும் நுழையக்கூடாது என்று கேட்டைப் பூட்டி, சாவியைச் செயலாளரான நானே வைத்திருந்தேன். பால் வர அரை மணி, காய்கறி வர அரை மணி. மற்ற இருபத்து மூன்று மணி நேரமும் பூட்டுதான்.

மாடி வீட்டுப் பெண்ணை அவள் கணவன் அடிப்பது எல்லோருக்கும் தெரியும். அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருந்தவன். பட்டறையை மூடியதிலிருந்து வாரம் ஒருமுறை கேட்ட சத்தம் தினமும் கேட்டது. என் படுக்கைக்கு நேர் மேலே. அடிகளை எண்ணி டைரியில் தேதியோடு குறித்து வைப்பேன். ஒருமுறை மட்டும் மேலே போய், "ரெண்டு பேரும் கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்குப் பதினோரு அடி.

அந்த வியாழக்கிழமை அவள் செருப்பில்லாமல் படியிறங்கி ஓடிவந்தாள். நெற்றியெல்லாம் ரத்தம். நேரே கேட்டுக்குப் போய் உலுக்கினாள்.

"மாமா, கேட்டத் தொறங்க. மாமா, வர்றாரு."

சாவியை எடுத்தேன். பிறகு மாஸ்க்கைத் தேடினேன். சத்தியமாக, மாஸ்க்கைத்தான் தேடினேன். அதற்குள் அவன் வந்துவிட்டான். முடியைக் கையில் சுற்றி, அவள் முகத்தைக் கேட்டுக் கம்பியில் மோதினான். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் மூக்கு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தவளை விலாவில் உதைத்தான். என் மனைவி மாஸ்க் இல்லாமலே ஓடி, வாசல் பக்கெட்டை அவன் முதுகில் ஓங்கிப் போட்டாள். அவன் திரும்பிய நொடியில் விழுந்து கிடந்தவளை எங்கள் வீட்டுக்குள் இழுத்துத் தாழ்ப்பாள் போட்டோம்.

அவன் கதவை உதைத்தான். "யோவ் பெருசு, என் பொண்டாட்டிய வெளிய அனுப்பு. செகரட்டரின்னா தண்ணி பில் எழுதறதோட நிறுத்திக்க."

காவல் நிலையத்தில் போனை எடுத்தவர், "ஊரடங்கு முடியட்டும் சார், கூப்பிட்டுப் பேசலாம்" என்றார். பெண்கள் உதவி எண்ணில் குடும்ப வன்முறைச் சட்டப் பாதுகாப்பு அலுவலரைப் பிடித்துக் கொடுத்தார்கள். அந்த அம்மா, "பேசி அனுப்பற விஷயம் இல்லைங்க. எப்ப எப்ப அடிச்சாரு, யார் சாட்சி, சொல்லுங்க. கோர்ட்டுக்கு அறிக்கை நான் எழுதறேன்" என்றார். அவளால் வாய் திறக்க முடியவில்லை. நான் டைரியைப் படித்தேன். நாற்பத்தாறு நாள்கள்.

"இவ்வளவு நாளா எழுதிட்டா இருந்தீங்க?"

"ஆமாங்க."

"அந்த டைரியப் பத்திரமா வைங்க. கோர்ட்டுக்கு வேணும்" என்றார்.

பெண்கள் காப்பகத்தில் சேர்க்கக் கொரோனா இல்லை என்று ரிசல்ட் வேண்டும். அது வர இரண்டு நாள். அவன் மாடிக்குப் போனதும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மூக்குக்குக் கட்டுப் போட்டு, கொரோனா சோதனைக்குச் சளி எடுக்கக் கொடுத்து, அவன் வீட்டுக்குக் கீழேயே அவளைத் திரும்பக் கூட்டிவர வேண்டியிருந்தது. கதவுக்குப் பின்னால் பீரோவை நகர்த்தி வைத்தோம். கேட்டை மட்டும் பூட்டவில்லை.

மறுநாள் மத்தியானம் அவன் இரும்புக் கம்பியோடு வந்து ஜன்னலை உடைத்தான். கண்ணாடி அவள் படுத்திருந்த பாயெங்கும் சிதறியது. கம்பியை உள்ளே விட்டு அவள் தலையைக் குறிவைத்துக் குத்தப் பார்த்தான். நான் பிடித்தேன். திருகி இழுத்ததில் என் வலது கை விரல் இரண்டு முறிந்தன. அப்படியும் விடவில்லை. அறிக்கையில் கையெழுத்து வாங்க ஏற்கெனவே கிளம்பியிருந்த பாதுகாப்பு அலுவலர் போலீஸோடு வந்து அவனைக் கூட்டிப்போகும்வரை, ஏழு நிமிடம், உள்ளேயிருந்து நானும் மனைவியும், வெளியேயிருந்து அவனும், ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

அந்த வியாழக்கிழமையிலிருந்து இருபத்திரண்டாம் நாள் கோர்ட்டின் இடைக்கால உத்தரவு வந்தது. அவன் அவளை நெருங்கக்கூடாது. அந்த வீட்டில் அவள் இருக்கலாம், அவன் வெளியேற வேண்டும். அவள் காப்பகத்திலிருந்து வந்து மாடியேறினாள். என்னிடம் பேசவில்லை; மனைவியிடம் மட்டும் பேசினாள். அது நியாயம்தான்.

விரல் கட்டு, ஜன்னல் கண்ணாடி, அவள் ஸ்கேன், மருந்து, ஆட்டோ எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு பதினான்காயிரத்து அறுநூற்று முப்பது ரூபாய். அதையும் டைரியில் குறித்து வைத்தேன்.