பிள்ளை பார்த்த வருஷம் யாருக்கு

என் கடைசித் தங்கையின் மகளை நாங்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டோம். திங்கள், செவ்வாய், புதன் தங்கையின் மாமியார், அதாவது எங்கள் சம்பந்தி. வியாழனும் வெள்ளியும் நான். தங்கைக்கு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பகுதியில் வேலை. அவள் புருஷன் வீடுகளுக்கு வயர் இழுக்கிறவன், சொந்த வான் வைத்து ஓடுகிறான். பிள்ளையை நேர்சரியில் விடக் கேட்ட காசுக்கு லண்டனில், எங்கள் டூட்டிங்கில், ஓர் அறையே வாடகைக்கு எடுக்கலாம். ஆகவே இரண்டு கிழவிகளும் சம்பளமில்லாத உத்தியோகத்தில் சேர்ந்தோம்.

கிழவி என்று நான் சொல்லலாம், நீங்கள் சொல்லக்கூடாது. அப்போது எனக்கு அறுபத்தைந்து, சம்பந்திக்கு அறுபத்துமூன்று. எங்கள் வீட்டில் எட்டுப் பேரில் நான் மூத்தவள், இவள் கடைசி. தாயில்லாத இடத்தில் நின்று அவளுக்குக் கலியாணம் செய்து வைத்தவள் நான்தான். எனக்கு நான் செய்துகொள்ளவில்லை, நேரம் கிடைக்கவில்லை.

பிள்ளை கூப்பிடுகிற பெயரால்தான் நாங்களும் கூப்பிட்டுக்கொள்வோம். அவருக்கு நான் பெரியம்மா. எனக்கு அவர் அப்பம்மா. கேட்க இனிமையாக இருக்கும். இனிமை அவ்வளவுதான்.

சம்பந்தி முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தவர். எதையும் எழுதி வைப்பார். கோயிலில் கொடுக்கிற கலண்டரில் ஒவ்வொரு நாள் கட்டத்திலும் பிள்ளையைப் பற்றி ஒரு வரி இருக்கும். செவ்வாய்: கஞ்சி முழுக்கக் குடித்தாள். புதன்: ஒரு தரம்தான் போனாள். திங்கட்கிழமைக் கட்டத்தில் மட்டும் பெரும்பாலும் என்னைப் பற்றி இருக்குமாம். நகம் வெட்டாமல் வந்திருக்கு. தலைக்கு எண்ணெய் இல்லை. தங்கை சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓர் ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தங்கையின் புருஷன் வருஷா வருஷம் கொடுக்கிற வரிப் பத்திரத்துக்காக, முதல்நாள் இருவரும் கணக்குப் பார்க்கிறவரிடம் போய்விட்டு வந்திருந்தார்கள்.

"பிள்ளையை ஆர் பாக்கிறது எண்டு கேட்டவர்," என்றாள் தங்கை. "பிள்ளைக்கெண்டு அரசாங்கம் தாற காசை நான் எடுக்கிறன்தானே. அதோடை என்ரை பேரிலை பென்சன் கணக்கிலை ஒரு வருஷமும் விழுமாம். எனக்கு அது தேவையில்லை, சம்பளத்திலை வெட்டுற காசிலையே வருஷம் சேருது. அந்த வருஷத்தைப் பிள்ளை பாத்த சொந்தக்காரருக்கு மாத்திக் குடுக்கலாமாம். அறுபத்தாறு ஆகாத, பென்சன் வயசு வராத ஆளா இருக்கவேணும். ஒரு போர்ம் நிரப்பி அனுப்பினால் சரி. ஆனா ஒரு ஆளின்ரை பேர்தான் எழுதலாம்."

"நான்தானே பாத்தது," என்று இரண்டு வாய் ஒன்றாகச் சொன்னது.

தங்கையின் புருஷன் பாவம், நல்ல பிள்ளை. "பாதி பாதியாப் பிரிச்சால் என்ன?" என்றான்.

"அரை வருஷம் ஒருத்தருக்கும் உதவாது. முழுசா இருந்தால்தான் வருஷம்," என்றாள் தங்கை. என்னைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அப்ப கணக்கு லேசு," என்றார் சம்பந்தி. "மூண்டு பெரிசோ, ரெண்டு பெரிசோ?"

"உங்கடை மூண்டு நாள் முடிஞ்சு வியாழக்கிழமை வரேக்கை பிள்ளையின்ரை தலையிலை பேன் ஊர்ந்தது, அப்பம்மா."

"எண்ணெய் வைக்காத தலையிலை ஊரும்தான், பெரியம்மா."

பிள்ளை இருவரையும் பார்த்துவிட்டு என் சாப்பாட்டுக் கோப்பையில் இருந்த அப்பளத்தை எடுத்துக்கொண்டு தகப்பனிடம் போய்விட்டாள். போர்ம் மேசையில் கிடந்தது. ஒருவரும் தொடவில்லை.

இனி, தங்கை ஏன் என்னைப் பார்த்தாள் என்பதைச் சொல்லவேண்டும். லண்டனுக்கு வந்த புதிதில் நான் ஒரு பலசரக்குக் கடையின் பின்பக்கத்தில் கறிவேப்பிலை கட்டினேன். வெள்ளிக்கிழமை கையில் காசு. பதிவு கிதிவு ஒன்றும் இல்லை, எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. பிறகு ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கிற இடத்தில் முறையான வேலை. முழங்கால் போகும்வரை செய்தேன். ஒருநாள் கடிதம் வந்தது. தங்கை வாசித்தாள். என் பெயரில் ஒன்பது வருஷம் இருக்கிறதாம். பத்து இருந்தால்தான் பென்சன். ஒன்பதுக்கு ஒரு சதமும் இல்லை.

பென்சன் இல்லாதவர்களுக்கு வேறு உதவி உண்டு. ஆனால் அது, வீட்டில் என்ன இருக்கிறது, பாங்கில் என்ன இருக்கிறது என்று கேட்டுத் தருகிற காசு. நீ உழைத்தாய் என்று தருகிற காசு வேறு. குறைகிற ஒரு வருஷத்தைத் தான் கட்டி வாங்கித் தருவதாகத் தங்கை சொன்னாள். அவள் காசில் வாங்கினால் அது என் பென்சனா?

அதைவிடப் பெரிய சிக்கல், நான் முன்பே வாயை விட்டிருந்தேன். கலியாண வீட்டில், சம்பந்தி பக்கத்து ஆட்கள் நாலு பேர் சுற்றி நிற்க, "எனக்கென்ன குறை, என்ரை பென்சன் எனக்கு வரும். ஆரிட்டையும் கை நீட்டத் தேவையில்லை," என்று சொல்லியிருந்தேன். ஒருமுறை அல்ல. பிறகு பிள்ளையின் பிறந்தநாளிலும் சொன்னேன்.

"உண்மையைச் சொல்லுங்கோ அக்கா," என்று தங்கை ஒரு கிழமையாக அரித்தாள். "மாமிக்கு முப்பது வருஷத்துக்கு மேலை இருக்கு. இந்த ஒண்டு அவவுக்கு எதுக்கு? கேட்டால் தருவா."

"கேட்கிறதுக்கு ஆள் நானோ?"

"அப்ப நான் கேக்கட்டோ?"

"வாயைத் திறந்தியெண்டால் பார்."

அடுத்த புதன்கிழமை இரவு எனக்குத் தங்கை அனுப்பிய செய்தி ஒரே வரி: மாமி நாளைக்கு வீட்டிலைதான் நிப்பா, நான் லீவு, நீங்கள் இஞ்சை வரத் தேவையில்லை. அவளை வளர்த்தது நான். அந்தத் தந்திரமும் என்னுடையதுதான்.

வியாழன் காலை பத்துக் கட்லட் பொரித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு, சம்பந்தி இருக்கிற வால்தம்ஸ்டோவுக்குப் புறப்பட்டேன். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்கு அடிக்கடி போனால் மதிப்பில்லை என்பது எங்கள் அம்மாவின் சட்டம். நான் அதைக் கொஞ்சம் கூடுதலாகக் கடைப்பிடித்து, கலியாணம் முடிந்த ஐந்து வருஷத்தில் ஒருமுறையும் போகவில்லை. கேட்டால், ஸ்டொக்வெல்லில் ரயில் மாறவேண்டும், படி ஏறி இறங்க முழங்கால் விடாது என்பேன். ஸ்டொக்வெல்லில் இறங்கினால் மற்ற ரயில் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது. நாலு எட்டு வைத்தால் போதும். படியே இல்லை.

சம்பந்தி கதவைத் திறந்து என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார்.

"ஆர் செத்தது?" என்றார்.

"ஒருத்தரும் சாகேல்லை. கட்லட் கொண்டந்தனான்."

உள்ளே இருத்தித் தேத்தண்ணீர் வைத்தார். பிள்ளையின் சளியைப் பற்றிக் கதைத்தோம். மழையைப் பற்றிக் கதைத்தோம். அவர் ஒரு கட்லட்டை உடைத்து மெதுவாகச் சாப்பிட்டார். நல்லாயிருக்கிறது என்று சொல்லவில்லை. நான் இரண்டாவது தேத்தண்ணீரும் குடித்துவிட்டேன். இதற்கு மேல் குடித்தால் வழியில் அவதி என்று தெரிந்ததும் சொல்லிவிட்டேன்.

"அப்பம்மா, எனக்கு ஒன்பது வருஷம்தான் இருக்கு. பத்து வேணும்."

அவர் கை துடைத்தார். "தெரியும்."

"என்ரை தங்கச்சி சொன்னவளோ?"

"அவள் ஏன் சொல்லோணும்? பென்சன் வாற சனம் அதைப் பற்றிக் கதைக்கிறேல்லை. நீங்கள்தான் கலியாண வீட்டிலையிருந்து சொல்லிக்கொண்டு திரிஞ்சனீங்கள்."

நான் கட்லட் பெட்டியின் மூடியைத் திறந்து திரும்ப மூடினேன்.

"அப்ப தெரிஞ்சுகொண்டோ அண்டைக்கு நான்தான் பாத்தது எண்டு நிண்டனீங்கள்?"

"நிண்டன்தான். அஞ்சு வருஷமா வாங்கோ வாங்கோ எண்டு கூப்பிட்டன். வந்தனீங்களோ? பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் எங்கடை வயசுக்குக் காசில்லை. முழங்கால் எண்டியள். கோயில்லை மூண்டு தரம் சுத்தேக்கை அந்த முழங்கால் எங்கை போனது?"

"அதுக்காக ஒரு வருஷத்தைப் பிடிச்சு வைக்கிறதோ?"

"பிடிச்சு வைச்சபடியால்தானே வந்திருக்கிறியள்."

பிறகு அலுமாரியிலிருந்து பழைய கலண்டரை எடுத்து மேசையில் விரித்தார். எந்தக் கிழமையிலிருந்து எந்தக் கிழமை வரை பிள்ளையைப் பார்த்தது என்று போர்மில் கேட்கிறார்களாம். கிழமையில் எத்தனை நாள் என்று கேட்கவில்லையாம். "உங்கடை ரெண்டு நாளும் போதும்," என்றார், எனக்கு ஏதோ சலுகை தருகிறவர்போல. போர்மை முதலே மகனிடம் வாங்கி வைத்திருந்தார். என் பெயரை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதினார், பள்ளிக்கூடத்துப் பாத்திரங்களில் பெயர் எழுதுகிற மாதிரி. நான் தமிழில் கையெழுத்து வைத்தேன். தாய் வைக்கவேண்டிய இடம் தங்கைக்காகக் காலியாக இருந்தது.

"ஒன்பது எண்டதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ," என்றேன்.

"சொல்லமாட்டன். ஆனா பத்தாவது என்ரை எண்டதைச் சொல்லுவன்."

சொன்னார். கோயிலில், கடையில், பஸ்ஸில் சொன்னார். எங்கடை பெரியம்மாவின்ரை பென்சன் நான் குடுத்தது என்று சொன்னார். மறுக்கப் போனால் முழுக் கதையும் வெளியே வரும். ஆகவே சிரித்துக்கொண்டு நின்றேன். அதுவும் ஒரு உத்தியோகம்தான்.

மார்கழியில் வரிக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. தங்கை வாசிக்குமுன் நானே பார்த்தேன். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பத்துக்கு இரண்டு இலக்கம் என்று தெரியும். சின்னப் பென்சன்தான். ஆனால் கறிவேப்பிலைக் கடை சேராவிட்டாலும், வெளுத்த துணியும் வளர்த்த பிள்ளையும் சேர்ந்து வந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு மறுநாளே ரயில் ஏறினேன். சம்பந்தி அடுப்படியில் தேத்தண்ணீர் வைக்கிற நேரம் சுவரில் தொங்கிய கலண்டரைப் புரட்டினேன். தமிழ் என்றால் எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவேன். நான் முதல்முதல் வந்த வியாழக்கிழமைக் கட்டத்தில் இப்படி இருந்தது: சம்பந்தி வந்தா. கட்லட்டுக்கு உப்புக் காணாது.

பேனை அங்கேயே நூலில் கட்டித் தொங்கியது. அவர் தேத்தண்ணீரோடு வந்தார். ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். எழுந்து போய் அன்றைய கட்டத்தில், எனக்குத் தெரிந்த எழுத்தில், ஆறுதலாக எழுதினேன்: பத்து வந்திட்டுது. தேத்தண்ணிக்குச் சீனி கூடிப்போச்சு.