நோட்டில் ஒட்டிய ஹியாரி சீட்டு

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த நாட்களில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் நடந்தது இது. கார்களுக்கான சின்னச் சின்ன இரும்புப் பாகங்கள் செய்கிற இடம். நான் பயிற்சிப் பிரிவில் இருக்கிறேன். காலை ஷிஃப்ட் தொடங்குமுன் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பத்து நிமிடம் பாதுகாப்பைப் பற்றிப் பேச வேண்டும். பிறகு, அவர்கள் எழுதிப் போடும் சீட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்துப் படித்து, பதிவேட்டில் ஏற்றி, உரிய பிரிவுக்கு அனுப்ப வேண்டும். மழையில் நனையாத, எண்ணெய் ஒட்டாத வேலை.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஒரு சொல் எந்த நாட்டில் கிளம்பி, எந்தக் கப்பலில் ஏறி, நம் வாய்க்கு எப்படி வந்து சேர்ந்தது என்று தேடித் தெரிந்துகொள்வது. சிலர் பழைய நாணயம் சேர்ப்பார்கள், நான் இதைச் சேர்த்தேன். சோழவரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் நேரம் முழுக்க இதே யோசனைதான். கிடைத்ததையெல்லாம் எழுதி வைக்க நீளமான நோட்டு ஒன்று வைத்திருந்தேன். சாவியும் ஜன்னலும் அலமாரியும் போர்த்துகீசியர்கள் விட்டுப் போனவை. துட்டு, டச்சுக்காரர்களின் காசு. ரிக்‌ஷா ஜப்பானில் பிறந்தது. காலையில் நாம் தின்கிற நாஷ்டா, பாரசீகத்தில் வெறும் வயிற்றோடு இருப்பதைக் குறித்த சொல். மிளகாய் மட்டும் நேர் எதிர். ஆள் வெளிநாடு, பெயர் உள்ளூர்.

இதையெல்லாம் வீட்டில் சொன்னால் எழுந்து போய்விடுவார்கள். கம்பெனியில் எழுந்து போக முடியாது, ஏற்கெனவே நின்றுகொண்டுதானே இருக்கிறார்கள். அதனால் காலைப் பேச்சில் தினமும் ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டேன். கையுறை போடு, கண்ணாடி போடு என்று எத்தனை நாள் சொல்வது? ஒரு சொல்லின் கதையைச் சொன்னால் தூங்கி வழிகிறவர்கள்கூடக் காதைக் கொடுத்தார்கள். நாளாக ஆக, பாதுகாப்பு இரண்டு நிமிடத்துக்குச் சுருங்கி, சொல் எட்டு நிமிடத்தைப் பிடித்துக்கொண்டது. எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த எட்டு நிமிடத்துக்காகத்தான் வேலைக்கே போனேன்.

எங்கள் கம்பெனியில் ஜப்பான் சொற்களுக்குப் பஞ்சமில்லை. வாடிக்கையாளர்கள் கொண்டுவந்து இறக்கியவை. முன்னேற்றத்துக்குக் கைசன், வீணாவதற்கு முடா. சும்மா உட்கார்ந்திருப்பவனை 'டேய் முடா' என்று கூப்பிடுகிற அளவுக்கு அந்தச் சொல் இங்கேயே குடியேறிவிட்டது. அந்த வரிசையில் வந்ததுதான் 'ஹியாரி ஹாட்டோ'. அடிபடவில்லை, ஆனால் மயிரிழையில் தப்பினோம் என்றால் அதை ஒரு மஞ்சள் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். ஹியாரி என்றால் சில்லிட்டுப் போவது, ஹாட்டோ என்றால் திடுக்கிடுவது. எங்கள் ஆட்கள் அதை 'ஹியாரி சீட்டு' என்று ஆக்கிவிட்டார்கள்.

பேக்கிங் பிரிவில் ஒரு பெண் இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பழவேற்காட்டுப் பக்கம் மீனவர் குப்பம் ஒன்றிலிருந்து கம்பெனி வேனில் வருவார். கான்ட்ராக்ட் ஆள். கட்டுமரம் என்ற நம் சொல்லை வெள்ளைக்காரர்கள் எடுத்துப்போய் உலகம் முழுக்கப் பரப்பினார்கள் என்று ஒருநாள் நான் பெருமையாகச் சொன்னபோது, மூன்றாவது வரிசையிலிருந்து அவர் குரல்தான் வந்தது.

"பேர எடுத்துனு போனாங்க, சரி சார். மரத்த வுட்டுட்டுப் போனாங்களே, அதுவே பெரிசு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அவர் எழுதிப்போட்ட ஹியாரி சீட்டு ஒரு திங்கட்கிழமை என் கைக்கு வந்தது. கொட்டை எழுத்து, நாலே வரி. 'ரெண்டாவது ரேக் மேல் தட்டு. ஸ்டாப்பர் நிக்கல. பெட்டி தானா வருது. இன்னிக்கி தல பக்கத்துல வந்து நின்னுச்சி, அல்லு வுட்டுச்சி.'

இந்த ரேக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாய்வாக நிற்கும் இரும்பு அலமாரி அது. பின்பக்கம் பெட்டியை ஏற்றினால், உருளைகளின் மேல் தானாகச் சறுக்கி முன்பக்கம் வந்து நிற்கும். நிற்கவைப்பது முனையில் இருக்கும் கையளவு இரும்புத் தடுப்பு. அதுதான் ஸ்டாப்பர். அது நிற்கவில்லை என்றால், இரும்புச் சாமான் நிரம்பிய பெட்டி ஆள் தலைக்கு மேலிருந்து கீழே வரும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

ஆனால் என் கண் போய் நின்ற இடம் கடைசி இரண்டு சொல். அல்லு வுட்டுச்சி! சில்லிட்டு, திடுக்கிட்டு, ஈரக்குலை ஆடிப்போவதை இதைவிட ஒழுங்காக யாரால் சொல்ல முடியும்? ஹியாரி ஹாட்டோவுக்கு எத்தனையோ பேர் தமிழில் என்னென்னவோ எழுதிப் பார்த்திருக்கிறார்கள். 'நூலிழை விபத்துத் தவிர்ப்பு' என்று நானே ஒரு போர்டு எழுதி மாட்டியிருந்தேன். அதை ஒருவரும் வாயால் சொன்னதில்லை. பழவேற்காட்டுப் பெண் ஒரே வீச்சில் போட்டுவிட்டார். மறுநாள் காலை அந்தக் கடைசி வரியை மட்டும் படித்துக் காட்டினேன். நல்ல கைத்தட்டல். சீட்டில் மேலே என்ன எழுதியிருந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவர் என்னிடம் வந்தார். கைத்தட்டலில் அவர் முகம் ஒன்றும் மலர்ந்திருக்கவில்லை.

"சார், அந்த ஸ்டாப்பரு…"

"அனுப்பிடறேம்மா, இன்னிக்கே அனுப்பிடறேன். அது இருக்கட்டும், இந்த அல்லுங்கறது எங்கிருந்து வந்துச்சுன்னு உங்க பக்கம் யாராவது சொல்லுவாங்களா?"

"அதெல்லாம் இன்னா தெரியும் சார். பயந்துகினா வரும்."

நான் சீட்டை நோட்டில் பசை தடவி ஒட்டினேன். மெயின்டனன்ஸுக்கு ஒரு நகல் எடுத்து அனுப்ப வேண்டும் என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது. நகல் எடுக்கும் மெஷின் முன்னால் அன்று யாரோ நின்றுகொண்டிருந்தார்கள். அவ்வளவுதான். நகலும் எடுக்கவில்லை, பதிவேட்டிலும் ஏற்றவில்லை. அதன் பிறகு இரண்டு நாள் அந்த 'அல்லு' எங்கிருந்து வந்தது என்று போனில் தேடிக்கொண்டிருந்தேன். கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, டீ இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், இரண்டாவது ரேக்கின் மேல்தட்டிலிருந்து பெட்டி விழுந்தது. கீழே நின்ற அந்தப் பெண் தலையை நகர்த்திக்கொண்டார். இடது கை சிக்கிக்கொண்டது. மணிக்கட்டில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. நான் போய்ச் சேர்ந்தபோது அவரைத் தரையில் உட்காரவைத்திருந்தார்கள். அவர் அழவில்லை. வலியில் உதட்டைக் கடித்தபடி ரேக்கின் மேல்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

மறுநாள் காலை விசாரணை. அறையில் நாலு பேர். மேனேஜர், பேக்கிங் சூப்பர்வைசர், கான்ட்ராக்டரின் ஆள், குறிப்பெழுத நான். சூப்பர்வைசர், அந்தம்மா பெட்டியைச் சரியாக வைக்காமல் இழுத்திருப்பார் என்றார். அந்தப் பெண் ஆஸ்பத்திரியிலிருந்து 'நான் சீட்டுப் போட்டேன்' என்று சொல்லியனுப்பியிருந்தார். சூப்பர்வைசர் தோளைக் குலுக்கினார்.

"போட்டிருந்தா ரிஜிஸ்டர்ல இருக்கணுமே சார். நான் பாத்துட்டேன், இல்ல."

அவர் சொன்னது பொய்யில்லை. பதிவேட்டில் இல்லைதான். அதில் எழுதுகிறவன் நான். படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும்: 'இந்த ஆபத்து முன்பே தெரிவிக்கப்பட்டதா?' மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் 'இல்லை' என்று எழுதினேன். எந்தக் கப்பலிலும் வராத, சுத்தமான தமிழ்ச்சொல் அது. ஒரு பிழையில்லாமல், நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

கான்ட்ராக்டரின் ஆள் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

"அப்ப அந்தம்மாவ வேற எடத்துல போட்டுக்கறோம் சார். புது ஆளு நாளைக்கே வந்துரும்."

'வேற இடம்' என்றால் எது என்று அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். வீடு. கை சரியானாலும் அவர் திரும்பி வர முடியாது. வேலை தெரியாத, கவனக்குறைவான, பொய் சொல்கிற பெண் என்று ஒரு பெயரோடு போவார். இந்தத் தொழிற்பேட்டையில் அந்தப் பெயர் அவருக்கு முன்னால் அடுத்த கம்பெனி கேட்டில் போய் நிற்கும்.

படிவம் கையெழுத்துக்காகச் சுற்றிவந்தது. மேனேஜர் போட்டார், சூப்பர்வைசர் போட்டார், கடைசியாக என்னிடம் வந்தது. பேனா மூடியைக் கழற்றினேன். என் வயது, வீட்டுக் கடன், வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற கணக்கு, எல்லாம் வந்துபோனது. நான் ஒன்றும் தைரியசாலி இல்லை. ஆனால் கூடவே, 'அனுப்பிடறேம்மா' என்று சொன்ன என் குரலும் கேட்டது. வெட்கமாக இருந்தது. 'ஒரு நிமிஷம் சார்' என்று எழுந்துபோய், மேஜை டிராயரிலிருந்து நோட்டை எடுத்துவந்து மேனேஜர் முன்னால் வைத்தேன்.

எந்தப் பக்கம் என்று நான் சொல்லவில்லை. அவர் முதலிலிருந்து புரட்டினார். சாவி, ஜன்னல், துட்டு, ரிக்‌ஷா, நாஷ்டா. சிவப்பு மையில் அடிக்கோடு, பக்கத்தில் குட்டிப் படங்கள்கூட. பல வருட உழைப்பு. என் ஆயுளில் அந்த நோட்டை இத்தனை பக்கம் புரட்டிய ஒரே ஆள் அவர்தான். மஞ்சள் சீட்டு வந்ததும் நின்றார். 'அல்லு வுட்டுச்சி'யைச் சுற்றி நான் பேனாவால் வட்டம் போட்டு, 'அருமை!' என்று எழுதியிருந்தேன். அதற்கு மேலே இருந்த மூன்று வரியில் என் பேனா பட்டிருக்கவில்லை. தேதியையும் பார்த்தார்.

"படிச்சுருக்கீங்க," என்றார்.

"ஆமா சார்."

திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். படிவத்தைக் கிழித்துவிட்டு வேறு படிவம் எடுக்கச் சொன்னார். இந்த முறை அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று எழுதி, யாரிடம் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். எனக்கு மெமோ வந்தது, ஒரு வருடம் சம்பள உயர்வு நின்றது. காலைப் பேச்சை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் கையுறை, கண்ணாடி பற்றி மட்டும் பேசினார். ஆட்கள் கொட்டாவி விட்டார்கள். ஒருவருக்கும் எதுவும் ஆகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்னேரி வழியாக பைக்கில் பழவேற்காட்டுக்குப் போனேன். குப்பத்தில் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தபோது, அவர் கணவர் வாசலில் வலையைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று சொன்னதும் வலையிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

"சீட்ட எடுத்து பொஸ்தகத்துல ஒட்டிக்கினது நீங்கதானா?"

"ஆமா. தப்பு என்னோடதுதான். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன்."

அவர் 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்றும் இல்லை. உள்ளேயிருந்து அந்தப் பெண் கட்டுப் போட்ட கையோடு வந்து, ஒரு கையாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ வந்தது. நான் தயார் செய்துகொண்டு போயிருந்த பேச்சில் பாதிக்கு மேல் வரவில்லை. வந்தவரைக்கும் கேட்டுக்கொண்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஸ்டாப்பர மாத்திட்டாங்களா சார்?"

"மாத்தியாச்சும்மா. எல்லா ரேக்லயும் மாத்தியாச்சு. நானே நின்னு பார்த்தேன்."

"அங்க இப்ப எவ நிக்கிறாளோன்னு இருந்துச்சி. அப்ப சரி."

மூன்று மாதம் கழித்து அவர் அதே பேக்கிங் பிரிவுக்குத் திரும்பி வந்தார். இடது மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது. பெட்டியை வலது பக்கமாகச் சாய்த்துத் தூக்குகிறார். கேன்டீனில் எதிர்ப்பட்டால் 'இன்னா சார், அல்லு எந்த ஊருன்னு தெரிஞ்சுதா?' என்று கேட்பார். கேலிதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்று தைக்கும்.

எந்த ஊர் என்று இன்றுவரை தெரியவில்லை. நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சீட்டைக் கம்பெனி கோப்புக்காகப் பிரித்து எடுத்த இடத்தில் பசைத்தடம் அப்படியே இருக்கிறது, அந்தப் பக்கத்தில் வேறு எதையும் எழுதவில்லை. கிறுக்கு போய்விட்டது என்று சொன்னால் பொய். புதிதாக ஒரு சொல் காதில் விழுந்தால் அது எங்கிருந்து வந்தது என்று மனம் இப்போதும் ஓடத்தான் செய்கிறது. ஆனால் அதை ஓடவிடுமுன், அந்தச் சொல்லைச் சொல்கிறவரின் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிடுகிறேன்.