சாமிக்கு நேர்ந்த சேவல் எது

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனாலும் தென்காசியில் மூன்று கடை போட்டவன்; ஆளைப் பார்த்தே எடை போட்டுவிடுவேன். அப்படிப்பட்ட என்னை, வீட்டுக்குப் பின்னால் வளர்ந்த இரண்டு இளஞ்சேவல்கள் திணறடித்தன.

ஆறு கோழிக்கு ஒரு சேவல் போதும். இரண்டும் மிதித்ததில் கோழிகளின் முதுகில் இறகே இல்லை. ஒன்றை அறுக்கலாம் என்றால், குஞ்சிலேயே ஒன்றைச் சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்டிருந்தோம். அடையாளத்துக்கு மனைவி கட்டிய நூல் காலை இறுக்கவே, ‘எனக்குத் தெரியாதா’ என்று நான்தான் வெட்டி எறிந்தேன். வளர்ந்தபின் இரண்டும் ஒரே செவலை நிறம்.

“சாமி சேவல் எதுன்னு சொல்லுங்க,” என்றாள் மனைவி.

“இருடி, பாக்கேன்.”

“மூணு கடைக்காரருக்கு ஒரு சேவல் தெரியலையாக்கும்?”

“ரெண்டையும் மாடன் கோயில் கொடைக்குக் குடுத்துருவோமா?”

“அப்பொறம் கோழிக கூட யாரு, நீங்க நின்னு கூவுவியளா?”

அறுக்க எடுத்த கத்தியை உள்ளே வைத்துவிட்டுத் தீவனம் போட்டேன். இரண்டும் ஓடிவந்தன. எது சாமி சேவல், எதை விரட்டுவதென்று தெரியாமல் நின்றேன்.