துபாய் கிட்ட, வீடு தூரம்

ஒரு விடுகதை. ஒரே பாதை, ஒரே தூரம். போக மூன்றரை மணி நேரம், திரும்பி வர ஆறு மணி நேரம். அது என்ன?

கண்டியில் விமான டிக்கட் போடும் யாரைக் கேட்டாலும் உடனே சொல்வார்கள்: கொழும்பு–துபாய். எங்கள் தொழிலில் டிக்கட் போடுவது சின்ன வேலை, கடிகாரத்துக்கு விளக்கம் சொல்வதுதான் பெரிய வேலை. யாரையாவது கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஏற்றிவிட்டு, "இந்நேரம் எங்க போயிருப்பாங்க?" என்று வழிநெடுகக் கேட்டுக்கொண்டே வீடு திரும்பியவர்களுக்கு என் பாடு புரியும்.

மேடும் பள்ளமும்

சிவகுமார் பிலிமத்தலாவையில் தையல் கடை வைத்திருப்பவர். கதிரையைக் காட்டினாலும் உட்காரமாட்டார். அவருடைய மனைவி செல்வி துபாயில் ஒரு ஹோட்டல் சலவைப் பிரிவில் வேலை செய்கிறார். மூன்று வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் லீவு கிடைத்திருக்கிறது. அவர் வந்துபோகும் நேரங்களைத் திரையில் காட்டினேன். வர ஆறு மணி நேரம், திரும்பிப் போக மூன்றரை என்றதும் சிவகுமார் பதறிவிட்டார்.

துபாய்க் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது, உண்மையில் பறப்பது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம்தான் என்று கூட்டிக் கழித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப துபாய் கீழ இருக்குதுங்களா மிஸ்? நம்ம பஸ்ஸும் கடுகண்ணாவை ஏத்தத்துல இப்படித்தான் முக்கும்."

பக்கத்து ஊர்

மறுநாளும் வந்தார். செல்வி வரும் நாள் இன்னும் முடிவாகவில்லை, திரையில் இருக்கைகள் குறைந்துகொண்டிருந்தன. ஆறு மணி நேரமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவரை ஆற்றுவதற்காக, "யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில போற நேரம்கூட ஆகாதே" என்றேன். பக்கத்து மேசை பரீத் நானாவும், "மெய்தான் தம்பி, துபாய் கிட்டத்தான்" என்று சேர்ந்துகொண்டார்.

சிவகுமார் என் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தார். "யாழ்ப்பாணம் போனவளா இருந்தா சனிக்கிழமைக்கு சனிக்கிழமை வீட்டுக்கு வந்திருப்பா மிஸ்."

பிள்ளை சொல்றபடி

அடுத்த முறை எட்டு வயது மகள் தர்ஷினியையும் கூட்டிவந்தார். செல்வி தொலைபேசியில் புதிதாக ஒன்று சொல்லியிருந்தார்: ஒன்றில் நான் வருகிறேன், இல்லாவிட்டால் பள்ளிக்கூட லீவில் நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள், இங்கே இருக்கும் என் அத்தை வீட்டில் தங்கலாம். பிள்ளை சொல்றபடி செய்வோம்.

சிவகுமாருக்கு மனைவி வீட்டுக்கு வரவேண்டும். "அம்மா வரட்டும்னு சொல்லு பாப்பா. முன் ரூமுக்கு பெயின்ட்லாம் அடிச்சிருக்கோம்ல?" என்றார்.

தர்ஷினி என்னைப் பார்த்தாள். "நாங்க போனா, திரும்பி வர்றப்ப அம்மா எயார்போட்டுக்கு வருவாங்களா மிஸ்?"

"கட்டாயம் வருவாங்க."

"அவங்க வெளிய நிப்பாங்க, நாங்க உள்ள போவோம். அப்படியா?"

"அப்படித்தான்."

"போன தடவை நானும் அப்பாவும்தான் வெளிய நின்னோம்."

பரீத் நானா தட்டச்சை நிறுத்தினார். சிவகுமார் தெருவைப் பார்த்தார்.

அம்மா வர வேண்டாம், நாங்கள் போகிறோம் என்று தர்ஷினி தெரிவு செய்தாள்.