இடது பக்கத்து ஸ்க்ரூ

என் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர், பெண்ணைப் பார்த்த நேரத்தைவிட எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் நின்ற மோட்டார் சைக்கிளைப் பார்த்த நேரம்தான் அதிகம். கூடத்தில் பெரியவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காபி ஆறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையைக் காணோம் என்று தேடிப் போனால், கொட்டகையில் குத்தவைத்து, வண்டிமேல் போட்டிருந்த சாக்கைத் தூக்கி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "இத்தாலி வண்டியா மச்சான் இது?" என்று என்னைக் கேட்டார். இன்னும் வெற்றிலை பாக்கு மாற்றவில்லை. அதற்குள் நான் மச்சானாகிவிட்டேன்.

இத்தாலி வண்டிதான். அமராவதிபுதூரில் எங்கள் அப்பா காவல் பார்த்துக்கொண்டிருந்த செட்டியார் வீட்டின் மகன் வெளிநாட்டிலிருந்து கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தது. ஆசைக்குக் கொஞ்ச நாள் ஓட்டினார். பிறகு போன இடத்துக்கே திரும்பிப் போய்விட்டார். கார் கொட்டகையைக் காலி செய்தபோது, "நீங்களே எடுத்துக்கங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத அப்பா, அதை ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து மாட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். தினமும் துடைத்துவைப்பது மட்டும் என் வேலையாக இருந்தது.

அது ஒரு தினுசான வண்டி. சிலிண்டர் ஒன்று இடப்பக்கமும் ஒன்று வலப்பக்கமுமாக, இரண்டு முழங்கைகளையும் இடுப்பில் ஊன்றி நிற்பவர் மாதிரி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். நின்ற இடத்தில் முறுக்கினால் வண்டி மொத்தமும் வலப்பக்கம் ஒரு குலுக்குக் குலுங்கும். கல்யாணச் சீராகப் புது வண்டி வாங்கித் தருவதாகத்தான் பேச்சு. மாப்பிள்ளை, அது வேண்டாம், கொட்டகையில் நிற்கிறதைக் கொடுங்கள் என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பெண்ணையும் கொடுத்து வண்டியையும் கொடுப்பதா என்று அம்மாவிடம் சண்டை போட்டேன். கடைசியில் ஒரு சமாதானம் ஆயிற்று. வண்டி புதுவயலில் அவர் வீட்டில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்கும் பொது.

அவர் புதுவயலில் ஒரு அரிசி மில்லில் கணக்கு எழுதினார். நான் காரைக்குடியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் வைத்திருந்தேன். இரண்டு பேருக்கும் இன்ஜினைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. ஊர் மெக்கானிக்குகளோ, வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "வேற எடம் பாருங்கண்ணே" என்று கும்பிட்டார்கள். வேறு வழியில்லாமல் நாங்களே கழற்றினோம். கழற்றியதை மாட்டத் தெரியாமல் விழித்தோம். பிறகு மாட்டவும் தெரிந்துகொண்டோம்.

இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனிக் கார்புரேட்டர். இரண்டும் ஒரே அளவு மூச்சு இழுத்தால்தான் வண்டி வண்டியாக ஓடும். தெரிந்தவர்கள் ஒரே ஆளாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் போய்ப் பார்ப்பார்கள் என்று இப்போது தெரிகிறது. எங்களுக்கு அது தெரியாது. ஆளுக்கொரு பக்கம் பிரித்துக்கொண்டோம். இடது அவருக்கு, வலது எனக்கு. முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்து, மற்றக் கையைச் சைலன்சரின் வாய்க்கு நேரே விரித்துவைப்போம். புகை உள்ளங்கையில் வந்து அடிக்கும் வேகத்தை வைத்து ஸ்க்ரூவைத் துளித்துளியாகத் திருப்புவோம். இன்ஜின் சத்தத்தில் பேச்சு கேட்காது. நடுவில் டேங்க் மறைத்துக்கொண்டிருப்பதால் முகமும் சரியாகத் தெரியாது. அதனால் டேங்கைத் தட்டுவோம். ஒரு தட்டு என்றால் உன் பக்கம் ஓங்குகிறது, குறை. இரண்டு தட்டு என்றால் சரி, கையை எடு.

சரியாக அமைந்துவிட்டால் அந்தச் சத்தத்தை என்னவென்று சொல்வது. ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடும்போது ஒரு தாளம் விழுமே, அது. அப்புறம் திருப்பத்தூர் ரோட்டில் ஒரு நடை. போகும்போது அவர் ஓட்டுவார், வரும்போது நான். பின்னால் உட்கார்ந்திருக்கிறவர் சும்மா வரமாட்டார். "மெதுவா முறுக்குங்க மச்சான், அச்சாபீஸ் மெசின்னு நெனச்சீகளா" என்பார். நான் அவரை, நெல் மூட்டையை ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி ஓட்டுகிறீரே என்பேன். திருப்பத்தூர் சந்தைக்கு எதிரே ஒரு டீ. திரும்பி வந்தால், மில் முக்கில் வண்டி திரும்பும் சத்தத்தைக் கேட்டுத் தங்கை தோசைக்கல்லை அடுப்பில் வைத்திருப்பாள். நாங்கள் கையைக் கழுவிவிட்டு வரும்போது முதல் தோசை தட்டில் இருக்கும். ஒரு நாளும் அவள் கணக்குத் தப்பியதில்லை.

மாப்பிள்ளைக்குப் புற்றுநோய் என்று மதுரையில் சொன்னார்கள். ஊசி மருந்து ஏறி ஏறி மனிதர் பாதியாகிவிட்டார். வண்டி ஓட்டுவது நின்றது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை டியூன் செய்வது மட்டும் நிற்கவில்லை. முக்காலியில் உட்காருவார். தலை சுற்றினால் பிடித்துக்கொள்ளத் தங்கை அவர் பக்கத்திலேயே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "நீங்க போயிட்டு வாங்க மச்சான், நான் சத்தத்தக் கேட்டுக்கிட்டுப் படுத்திருக்கேன்" என்பார். நான் தனியாக ஓட்டிப் போய், தெருவுக்குள் வேண்டுமென்றே ஒரு சுற்று அதிகமாகச் சுற்றிவிட்டு வருவேன். பொங்கல் கழிந்து அவர் போய்ச் சேர்ந்தார்.

துக்க வீட்டில் அந்த வண்டி நிற்கக் கூடாது என்று யாரோ சொல்லவே, நான் அதைக் காரைக்குடிக்கு ஓட்டி வந்து அச்சகத்தின் பின்பக்கம் நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை வந்தது. முக்காலியை எடுத்து வலது பக்கம் போட்டேன். என் பக்கத்தைப் பார்த்தேன். இடது பக்கம் போய் நின்றேன். ஸ்க்ரூ டிரைவரை வைத்தேன், திருப்பவில்லை. அந்த ஸ்க்ரூ நிற்கிற நிலை அவர் கடைசியாகத் திருப்பிவைத்த நிலை. அவர் சட்டையைத் துவைத்தாயிற்று, கட்டிலைப் பிரித்தாயிற்று, செல்போன் நம்பரைக்கூட நிறுத்தியாயிற்று. அவர் கை வைத்தபடி மிச்சமிருந்தது உலகத்தில் இது ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது. அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

இடது பக்கத்தைத் தொடாமல் வலது பக்கத்தை மட்டும் திருப்பிக்கொண்டிருந்தேன். தூசியும் பெட்ரோல் கசடும் சேர்ந்து இடது சிலிண்டர் வாரத்துக்கு வாரம் சோர்ந்தது. அது சோர்ந்த அளவுக்கு நன்றாக ஓடிக்கொண்டிருந்த வலதையும் நான் இறக்கினேன். மேலும் சோர்ந்தது, மேலும் இறக்கினேன். ரயில்வே கேட்டில் நின்றால் வண்டி அணைந்துபோகும். மேட்டில் இருமும். பார்த்துப் பொறுக்காமல் ஒரு மெக்கானிக் தானாக வந்து இடது கார்புரேட்டரில் கை வைத்தார். அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டேன். "அந்தப் பக்கம் தொடாதீங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பைத்தியம் என்று நினைத்திருப்பார், நினைக்கட்டும்.

எங்கள் பக்கத்தில் புருஷன் இறந்தால், கருமாதி முடிந்த பிறகு உடன்பிறந்தவன் போய்ப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துவந்து சோறு போட வேண்டும். அதற்கு முன்பு அவள் வேறு எந்த வீட்டுப் படியையும் மிதிக்க மாட்டாள். நான் போய்க் கூப்பிட்டேன். தங்கை வரவில்லை. நடமாட்டம் இல்லாமல் படுத்துக் கிடக்கிற அம்மா, தினமும் என்னிடம், "வந்துட்டாளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறை போனபோது தங்கை சொன்னாள்: "எப்படிண்ணே பஸ்ல வாரது? அவுக இருந்தப்ப ஒரு நாளாச்சும் நான் அம்மா வீட்டுக்குப் பஸ்ல வந்திருக்கேனா? வண்டிய எடுத்துக்கிட்டு வாங்க, வாரேன்."

சரி, இவ்வளவுதானே என்று மறு வாரமே ஓட்டிக்கொண்டு போனேன். வாசலில் நிறுத்தி அணைக்காமல் காத்திருந்தேன். கதவைத் திறந்துகொண்டு வந்தவள் நிலைப்படியைத் தாண்டவில்லை.

"இது அவுக வண்டி இல்லண்ணே."

"அதே வண்டிதானத்தா. வேற எங்க இருந்து வரும்?"

"சத்தம் அது இல்ல. மில் முக்குல கேட்டப்ப யாரோ எவரோன்னு இருந்தேன். நீங்கன்னே தெரியல."

உள்ளே போய்விட்டாள். அம்மாவிடம் போய் என்ன சொல்வது என்று தெரியாமல் நான் அச்சகத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரம் முழுக்க வண்டியோடு மல்லுக்கட்டினேன். பிளக்கை மாற்றினேன். கேபிளை மாற்றினேன். இடது கார்புரேட்டரையும் கழற்றிக் கழுவினேன். ஆனால் அந்த ஸ்க்ரூவை மட்டும் இருந்த நிலையிலேயே பூட்டிவைத்தேன். மறுபடியும் புதுவயலுக்குப் போனேன். போகும்போதே தெரிந்துவிட்டது, சத்தம் வரவில்லை. வாசலில் நிறுத்தி, அணைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். ஐம்பது வயதைத் தாண்டியவன் தங்கை வீட்டு வாசலில் அப்படி உட்கார்ந்தால் பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும். எனக்கு அப்போது அதெல்லாம் தோன்றவில்லை.

தங்கை இறங்கி வந்தாள். இந்த முறை நிலைப்படியைத் தாண்டி, வண்டி வரைக்கும் வந்து இடது பக்கம் குனிந்து பார்த்தாள்.

"இந்தப் பக்கத்து ஸ்க்ரூவத் திருப்பலையா நீங்க?"

"திருப்பல."

"ஏண்ணே?"

"மாப்ள கடைசியாத் திருப்பி வச்சதுத்தா அது. அத நான் எப்படிக் கலைக்கிறது?"

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். சாவு வீட்டில்கூட நான் அப்படி அழவில்லை. அங்கே பந்தல், மாலை, வருகிறவர்களுக்குத் தண்ணீர் என்று ஓடிக்கொண்டிருந்தேன். அவள் என் அழுகையை நிறுத்தச் சொல்லவில்லை. அழுது முடித்ததும் சொன்னாள்.

"அது அவுக திருப்புனது இல்லண்ணே. நான் திருப்புனது."

எனக்குப் புரியவில்லை.

"மருந்து ஏறி வெரலு நுனியெல்லாம் மரத்துப் போச்சு. ஸ்க்ரூ டிரைவர் நிக்கல அவுக கையில. மச்சானுக்குத் தெரிஞ்சா வண்டிய மூடிப் போட்ருவாரு, சொல்லாதன்னாக. அவுக சைலன்சர்ல கைய வச்சுக்கிட்டுக் கண்ணக் காட்டுவாக, நான் திருப்புவேன். டேங்கத் தட்டுறது மட்டும் அவுக. நீங்கதான் அங்குட்டு இருந்தீகளே, ஒங்களுக்கு என்ன தெரியும்?"

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. புருஷனும் பொண்டாட்டியுமாகச் சேர்ந்து, ஒரு டேங்க் அகலத்துக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டே என்னை ஏமாற்றியிருக்கிறார்கள். கோபம் இறங்கியதும் வேறொன்று உள்ளே வந்து உட்கார்ந்தது. அவர் கை வைத்தபடி ஒன்று மிச்சமிருக்கிறது என்று நினைத்திருந்தேன். அதுவும் இல்லை. நான் இத்தனை நாளும் ஒரு வண்டியைப் பாழாக்கிக் காப்பாற்றிவைத்தது, இதோ எதிரே உயிரோடு நிற்கிறவளின் கைவேலையை.

"எந்திரிங்க. அங்குட்டுப் போய் ஒக்காருங்க" என்றாள்.

முக்காலியை அவளே எடுத்துவந்து இடப்பக்கம் போட்டுக்கொண்டாள். நான் வண்டியைக் கிளப்பிவிட்டு வலப்பக்கம் போய்க் குத்தவைத்தேன். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வலது கையைச் சைலன்சர் வாயில் விரித்து, மறு கையால் ஸ்க்ரூவைத் திருப்பினாள். டேங்கில் ஒரு தட்டு விழுந்தது. நான் குறைத்தேன். மறுபடி ஒரு தட்டு. அவர் தட்டுவதும் அப்படித்தான் இருக்கும், நடுவிரல் கணுவால். இருமல் நின்றது. இடது எழுந்து வலதோடு சேர்ந்தது. உரலில் உலக்கைகள் மாற்றி மாற்றி விழ ஆரம்பித்தன. எதிர் வீட்டில் ஒருவர் திடுக்கிட்டு எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். யார் வந்துவிட்டதாக நினைத்தாரோ. டேங்கில் இரண்டு தட்டு விழுந்தது.

நான் எழுந்து அவள் முகத்தைப் பார்த்தேன். கையை இன்னும் சைலன்சரிலிருந்து எடுக்காமல் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"அணைச்சிருங்கண்ணே."

அணைத்தேன். அவள் உள்ளே போய் ஒரு துணிப்பையோடு வந்து கதவைப் பூட்டினாள். நான் மறுபடி வண்டியில் சாவியைப் போட்டேன்.

"வேண்டாம். பஸ்ல போவோம்."

"ஏத்தா, சத்தம் சரியாத்தான இருக்கு?"

"சரியா இருக்கு. அதான் என்னால முடியல. இந்தச் சத்தம் கேட்டா அவுக வந்துட்டாகன்னு அர்த்தம். இதுல ஏறி ஒக்காந்தா முன்னாடி அவுகளத்தான் தேடுவேன்."

வண்டியை அவள் வீட்டுக் கொட்டகையிலேயே தள்ளி நிறுத்தினேன். புதுவயல் ஸ்டாப்பில் நெல் லாரிகளுக்கு நடுவே நின்று பஸ் ஏறினோம். காரைக்குடியில் இறங்கி அமராவதிபுதூர் பஸ்ஸுக்கு மாறினோம். அவள் வழியெல்லாம் வலது கையை மூடியே வைத்திருந்தாள். கம்பியைப் பிடிக்கக்கூட இடது கையைத்தான் நீட்டினாள்.

வீட்டில் அம்மா படுத்தபடியே அவள் தலையைத் தடவித் தடவி அழுதாள். என் மனைவி இலையைப் போட்டுச் சோறு வைத்தாள். "கையக் கழுவிட்டு வாரேன்" என்று தங்கை கொல்லைப் பக்கம் போனாள். சோறு ஆறியது, அவள் வரவில்லை. குழாயில் தண்ணீர் விழும் சத்தமும் கேட்கவில்லை. போய்ப் பார்த்தேன். குழாயடியில் நின்று, சைலன்சர் கரி அப்பிய உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.